மனோன்மணீயம்: மூணு அப்பாக்கள், ரெண்டு பெண்கள்

மனோன்மணீயம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானம், வெயில், அட்டென்ஷன்ல நின்னு பாடின தமிழ்த்தாய் வாழ்த்து. எங்க ஊர்க்காரங்கன்னா கூடவே அபிஷேகப்பட்டியில இருக்குற பல்கலைக்கழகம் (1990-ல் தொடங்கியது). வாழ்த்துப் பாட்டு அந்த நூலின் பாயிரத்துல வருது. அதில் ஒரு பகுதியை 1970-ல் தமிழக அரசு எடுத்துக்கிட்டது, எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்துல மெட்டுப் போட்டார், 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் ஆச்சு. எல்லாம் சரி. ஆனா பாயிரத்துக்குப் பின்னாடி இருக்கிற நாடகத்துல என்ன கதைன்னு பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்களேன். ஒன்பது பேர் முழிப்பாங்க. போன வருஷம் வரைக்கும் நானும் அந்த ஒன்பதில் ஒருத்தன்தான் :-)

மதுரைத் திட்டத்தில் முழு நூலும் இலவசமாவே கிடைக்குது. அஞ்சு அங்கம், இருபது களம், பெரும்பாலும் அகவல். ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மொபைலில் கொஞ்சம் கொஞ்சமா படிச்சு முடிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு மட்டும் தெளிவாச்சு. இதை நாட்டுப்பற்று நாடகம்னும், சைவ சித்தாந்த உருவகம்னும் (சீவகன் என்றால் சீவன், குடிலன் என்றால் கோணல், முனிவர் என்றால் குருவருள்) பாடப்புத்தகம் சொல்லிக் கொடுக்குது. அதெல்லாம் தப்பில்லை. ஆனா எனக்குத் தெரிஞ்சது ஒரு குடும்பம். நல்லா நடக்காத ஒரு குடும்பம். அதுவும் நம்ம திருநெல்வேலியில.

முதல்ல எழுதினவரைப் பத்திக் கொஞ்சம். பெ. சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். 1870களின் பின்பாதியில் சில காலம் திருநெல்வேலியில் தலைமையாசிரியரா இருந்தார். அந்தப் பள்ளிதான் பிற்பாடு ம.தி.தா. இந்துக் கல்லூரியா வளர்ந்தது (பாரதியும் புதுமைப்பித்தனும் படிச்ச இடம்). தாமிரபரணிக் கரையில் இருக்கிற கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள்தான் அவருக்கு ஞானகுரு. நாடகத்தில் வரும் சுந்தர முனிவருக்கு அவர் பேரையே வைத்தார். நூலை 1891-ல் வெளியிட்டப்போ அதைத் தன் தத்துவ ஆசிரியர் ஹார்விக்குக் காணிக்கை ஆக்கினார். அரசர் கொடுத்த நிலத்துக்கும் ஹார்விபுரம்னு பேர் வைத்த மனுஷன். ஒரு குருவை நாடகத்துக்குள்ள வெச்சார், இன்னொருத்தரை முதல் பக்கத்தில. 1897-ல் இறந்தப்போ வயசு 42 தான்.

இனி கதை. மதுரையில் இருந்து ஆண்ட பாண்டியன் சீவகன், மந்திரி குடிலன் பேச்சைக் கேட்டு தலைநகரைத் திருநெல்வேலிக்கு மாத்துறான். பெரிய கோட்டை கட்டுறான். சரித்திரத்தில் அப்படி ஒரு சீவகன் கிடையாது. ஆனா நிஜப் பாண்டியர்களும் தெற்கே வந்தவங்கதான். 14-ஆம் நூற்றாண்டில் மதுரை கைவிட்டுப் போனப்புறம், தென்காசி, திருநெல்வேலின்னு சிற்றாற்றுக்கும் தாமிரபரணிக்கும் நடுவுல சுருங்கி வாழ்ந்தாங்க. தென்காசி கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினது அந்தக் காலம்தான். வேற வழியில்லாம நடந்த ஒரு இடமாற்றத்தை, சுந்தரம் பிள்ளை ஒரு அப்பா எடுக்கிற தப்பு முடிவா மாத்திட்டார். அவர் கல்வெட்டு படிச்ச சரித்திர ஆராய்ச்சியாளரும் கூட, பழைய திருவிதாங்கூர் அரசர்களைப் பத்தி 1894-ல் தனி நூலே எழுதினவர். தெரியாம செஞ்சிருக்க மாட்டார்.

சீவகனுக்கு ஒரே மகள் மனோன்மணி. அம்மா மேடைக்கே வர்றதில்லை, வளர்த்தது செவிலித்தாய். தோழி வாணி. வாணிக்கு நடராசன் மேல காதல். காதல் கீதல்னு பேசினா சிரிக்கிற மனோன்மணி, திடீர்னு ஒரு கனவில் யாரோ ஒருத்தனைப் பார்த்து விழுந்துடுறா. உடம்பு சரியில்லாமப் போகுது. அந்த ஒருத்தன் சேர அரசன் புருடோத்தமன். அவனுக்கும் அங்கே அதே மாதிரி கனவு. ரெண்டு பேருக்கும் எதிராளி பேர் தெரியாது.

இங்கேதான் எனக்கு முதல் முறையா புருவம் தூக்கிச்சு. மகள் படுத்துக் கிடக்கிறா. அப்பாவுக்கு உயிரே போற மாதிரி கவலை. அவன் நடிக்கலை, நிஜமாவே தவிக்கிறான். குலகுருவைக் கூப்பிடுறான், மந்திரியைக் கேக்குறான். எல்லார் கிட்டயும் யோசனை கேக்குறான், மகளோட மனசில் இருக்கிறது மட்டும் கடைசி வரை அவன் காதுக்கு வந்து சேரலை. சேரனுக்குப் பெண் கொடுக்கலாம், நடராசனைத் தூது அனுப்புன்னு முனிவர் வழி சொல்றார். அரசனுக்கும் சம்மதம். அதாவது அப்பன் தேடுற மாப்பிள்ளையும் மகள் கனவில் வந்த ஆளும் ஒரே ஆள்! ஒரு வார்த்தை வாய் விட்டுப் பேசியிருந்தா முதல் அங்கத்திலேயே கல்யாணச் சாப்பாடு போட்டிருக்கலாம்.

பேசலை. நடுவுல குடிலன் புகுந்தான். நம்ம தொழில்ல 'மேன் இன் த மிடில்' தாக்குதல்னு ஒண்ணு சொல்வோம்ல, ரெண்டு பேருக்கு நடுவே உக்காந்து, இந்தப் பக்கச் சேதியை மாத்தி அந்தப் பக்கம் கொடுக்கிறது. குடிலன் அச்சு அசல் அதுதான். நடராசனுக்குப் பதிலாத் தன் மகன் பலதேவனையே தூது அனுப்ப வைக்கிறான். கூடவே நாஞ்சில் நாடு யாருக்குன்னு ஒரு பழைய வழக்கையும் கிளப்பி விடுறான். பலதேவன் சேரன் சபையில வாய்த்துடுக்காப் பேச, பெண் கேட்டுப் போன தூது படையெடுப்பில் முடியுது. (நாஞ்சில் நாடு வெறும் கற்பனைப் பெயர் இல்லை. சுந்தரம் பிள்ளை எழுதின காலத்தில் அது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டமா நம்ம பக்கம் வந்தது. திருவிதாங்கூர்ல சம்பளம் வாங்கிட்டே ஒருத்தர் இதைத் தொட்டிருக்கார், தைரியம்தான்.)

குடிலன் ஏன் இவ்வளவும் செய்யுறான்? மகனுக்காக. மனோன்மணியை பலதேவனுக்குக் கட்டி வெச்சா பாண்டிய நாடு வீட்டுக்கு வந்துடும். பையனோ உருப்படாதவன். போர்க்களத்தில் அவனைக் குத்துறது எதிரி இல்லை, சொந்தப் படையைச் சேர்ந்தவன். வீட்டுப் பெண்ணைக் கெடுத்த கோபம். அந்தக் காயத்தைக் கூட குடிலன் வீணாக்கலை. பழியை விசுவாசமான நாராயணன் மேல திருப்பி, அவனைக் கழுவேத்தச் சொல்லி அரசன் வாயாலேயே உத்தரவு வர வைக்கிறான். பெத்த பிள்ளை ரத்தம் சொட்டக் கிடக்கும்போது இந்தக் கணக்கு ஓடுற மூளையை என்ன சொல்ல. பாசம் இல்லைன்னு சொல்ல முடியுமா? எல்லாம் பிள்ளைக்குத்தானே! ஆனா அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு அங்கேயும் யாரும் கேட்ட மாதிரி தெரியலை.

மூணாவது அப்பா சகடன், வாணியோட அப்பா. இவர்கிட்ட பெரிய சூழ்ச்சியெல்லாம் இல்லை. பெரிய இடத்துச் சம்பந்தம், காசு, அவ்வளவுதான். மந்திரி மகன் பலதேவனுக்கு வாணியைக் கொடுக்கணும். வாணி மாட்டேங்குறா. உடனே அரசன் கிட்டப் போய் முறையிடுறார். நம்ம ஊர்ல பொண்ணு அடம் பிடிச்சா ஊர்ப் பெரிய மனுஷனைக் கூட்டிட்டு வந்து புத்தி சொல்ல வைக்கிறதில்லையா, அதே கதை. அரசனும் அப்பன் பக்கம்தான் பேசுறான். பெண் என்ன சொல்றாள்னு கேக்காதது சீவகனுக்குத் தன் வீட்டில் மட்டும் இருக்கிற பழக்கம் இல்லை போல.

வாணி, நடராசன், சகடன் இந்த மூணு பேரும் மூலக்கதையில் கிடையாதுன்னு சொல்றாங்க ஆய்வாளர்கள். மூலக்கதையா? ஆமா, இது வெளியூர்ச் சரக்கு. அந்தப் பயணம் ரொம்ப சுவாரசியமானது, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

அலெக்சாண்டர் கூடவே இருந்த கேரஸ்னு ஒரு கிரேக்கர், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, பாரசீகப் பக்கம் கேட்ட ஒரு காதல் கதையை எழுதி வெச்சார். அவர் நூல் போச்சு. ஆனா கி.பி. 200 வாக்கில் அதெனேயஸ்னு ஒருத்தர் அதைத் தன் புத்தகத்தில் எடுத்துச் சொன்னதால கதை பிழைச்சுது. ஒமார்டிஸ்னு ஒரு ராஜா, மகள் ஒடாடிஸ். அவளும் சரியாத்ரஸ் என்கிற இளவரசனும் ஒருத்தரை ஒருத்தர் கனவில் பார்க்கிறாங்க. அவன் முறையாப் பெண் கேக்குறான். அப்பன் மாட்டேன்னுட்டான். காரணம்? ஆண் வாரிசு இல்லை, சொந்த ஆளுக்குத்தான் கொடுப்பானாம். (வீட்டோட மாப்பிள்ளை தேடுற பழக்கம் எவ்வளவு பழசு பாருங்க!) ஒரு விருந்து வெச்சு, பொற்கிண்ணத்தைக் கையில் கொடுத்து, இங்கே இருக்கிறவங்கள்ல உனக்குப் பிடிச்சவனுக்குக் கொடுன்னு சொல்றான். சுதந்திரம் மாதிரி தெரியும், ஆனா உக்காந்திருக்கிறது பூரா அப்பன் பொறுக்கின ஆளுங்க. அவ அழுதுட்டே சுத்திப் பார்க்குறா. ஏற்கெனவே இவ சேதி அனுப்பியிருந்ததால, மாறுவேஷத்தில் வந்து நிக்கிறான் சரியாத்ரஸ். கிண்ணம் அவன் கைக்குப் போகுது. ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. அந்தக் கதையை கோயில்லயும் அரண்மனையிலயும் படமா வரைஞ்சாங்க, பெரிய வீட்டுப் பெண்களுக்கு ஒடாடிஸ்னு பேர் வெச்சாங்கன்னு அந்த நூல் சொல்லுது.

இதை 1866-ல் ஆங்கிலக் கவிதையாக்கினவர் எட்வர்ட் புல்வர் லிட்டன் பிரபு. 'மிலேட்டஸின் தொலைந்த கதைகள்' என்கிற தொகுப்பில் 'இரகசிய வழி'ன்னு பேர். சுந்தரம் பிள்ளை எடுத்தது இங்கிருந்து. இந்த லிட்டன் வீட்டுக் கதை தனி நாடகம் போங்க. பிரிஞ்சு போன மனைவி ரோசினா, 1858-ல் அவர் தேர்தல் கூட்டத்துக்கே வந்து எல்லார் முன்னாடியும் கிழிகிழின்னு கிழிச்சுட்டார். இவர் என்ன பண்ணார்? மனைவியைப் பைத்தியக்கார விடுதியில் அடைச்சார். ஊரே கொந்தளிச்சதும் மூணு வாரத்தில் விட வேண்டியதாப் போச்சு. மகள் எமிலி அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1848-ல், பத்தொன்பது வயசில் காய்ச்சலில் செத்துப் போயிருந்தா. மகன் ராபர்ட்தான் 1876 முதல் 1880 வரை நம்ம நாட்டு வைசிராய். சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கிட்டிருந்தப்போ, 1877-ல் டில்லியில் தர்பார் நடத்தின புண்ணியவான். கிட்டத்தட்ட அதே வருஷங்கள்ல சுந்தரம் பிள்ளை திருநெல்வேலியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கிட்டு இருந்தார். அப்பன் லிட்டன் எழுதின கதை, மகன் லிட்டன் ஆண்ட நாட்டில் தமிழ் நாடகமாச்சு.

இப்போ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பழைய கதையில் அப்பன் வில்லன். ஒத்துக்க மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்றவன். மகளும் சளைக்கலை, சேதி அனுப்பி ஆளை வரவழைச்சுட்டா. கைமாறிக் கைமாறி நெல்லைக்கு வந்து சேர்ந்த கதையில் அப்பன் நல்லவன். மகள் மேல உயிரையே வெச்சிருக்கிறவன். மகளுக்கு? தன் கனவில் வந்தவன் பேர் கூடத் தெரியாது. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி அவ செஞ்சதில் கால்வாசி கூட இவளால செய்ய முடியலை. கொடுமைக்கார அப்பனை எதிர்க்கலாம். நல்ல அப்பனை என்ன செய்ய?

நாலாம் அங்கத்தில் இதுக்கு விலை வருது. போரில் தோத்து, கோட்டைக்குள்ள அடைஞ்சு, அவமானத்தில் சாகத் துணியுறான் சீவகன். முனிவர் அப்போதான் சொல்றார், தன் பூசை அறையில் இருந்து வெளியே ஒரு சுரங்கம் தோண்டி வெச்சிருக்கேன், மனோன்மணியை அது வழியாத் தப்பிக்க வைக்கலாம்னு. (முனிவர் மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குடிலன் யாருன்னு அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். உன் மந்திரி துரோகின்னு அரசன் கிட்ட உடைச்சுச் சொல்றதை விட்டுட்டு சத்தமில்லாம சுரங்கம் வெட்டுறார். அந்த வீட்டில் நல்லவங்க கூட நேராப் பேச மாட்டாங்க.) மகளைக் கன்னியா அனுப்ப அப்பன் மனசு ஒப்பலை. அன்னிக்கு ராத்திரியே பலதேவனுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பிடணும். மகள் கிட்ட வர்றான். இந்தத் தடவை கேக்குறான். ஆனா எப்படி? தோத்து, உடைஞ்சு, சாவு முகத்தோட நிக்கிற அப்பனா வந்து கேக்குறான்.

அவ சரின்னு சொல்றா. சொல்லிட்டு ஒண்ணு கேட்டு வாங்கிக்கிறா: வாணியை நடராசனுக்கே கொடுக்கணும்.

இந்த இடத்தில் நான் மொபைலை மூடி வெச்சுட்டேன். எங்க பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, நல்லாப் படிக்கிற பிள்ளை. ஒரு சம்பந்தம் வந்தது, அவளுக்குத் துளி இஷ்டமில்லை, வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பின வாரம், சரின்னுட்டா. ஏன்க்கான்னு கேட்டேன். "இந்த நேரத்துல அப்பாட்ட போயி என்னத்தல பேச?" அவ்வளவுதான் சொன்னா. ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருந்தா, தங்கச்சியை மேல படிக்க விடணும்னு. விட்டாங்க. அந்தத் தங்கச்சி இன்னிக்கு நல்ல வேலையில் இருக்கா. குடும்ப விசேஷங்களில் பெரியப்பா பெருமையாச் சொல்வார், என் பெண்களை நான் எதுக்கும் கட்டாயப்படுத்தினதே இல்லைன்னு. பொய் இல்லை. அவர் நிஜமாவே அப்படித்தான் நம்புறார். அக்கா பந்தியில் பரிமாறிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பா.

தமிழ் சினிமாவிலும் நாடகத்திலும் தியாகப் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா தன் சம்மதத்தைப் பேரம் பேசி, அதை வெச்சு இன்னொருத்திக்கு விடுதலை வாங்கிக் கொடுக்கிற பெண்ணை 1891-லேயே எழுதி வெச்சிருக்கார்னு நினைக்கும்போது கொஞ்சம் சிலிர்க்குது. வாணி மறுத்தா, அழுதா, பிடிவாதமா நின்னா, எதுவும் நடக்கலை. மனோன்மணி விலை கொடுத்தப்புறம்தான் அது நடந்தது. அந்த வீட்டில் பெண்களோட இஷ்டத்துக்கு மொத்தமா ஒரே ஒரு டிக்கெட்தான். ஒருத்தி இறங்கினாத்தான் இன்னொருத்தி ஏறலாம்.

அந்த 1891 சும்மா ஒரு வருஷம் இல்லை. பம்பாயில் ருக்மாபாய்னு ஒரு பெண், பதினோரு வயசில் கட்டி வெச்ச புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன்னு கோர்ட்டில் நின்னா. 1884-ல் தொடங்கின வழக்கு. போ, இல்லைன்னா ஆறு மாசம் ஜெயில்னு 1887-ல் தீர்ப்பு. ஜெயிலுக்கே போறேன்னா. 1888-ல் பணம் கொடுத்து சமரசம் ஆச்சு, அவ லண்டன் போய் டாக்டர் ஆனா. கல்கத்தாவில் பூல்மணின்னு ஒரு சின்னப் பெண் கணவனால் செத்துப் போனப்புறம், சம்மத வயசை பத்தில் இருந்து பன்னிரண்டாக்கி 1891 மார்ச்சில் சட்டம் வந்தது. அதுக்கே நாடு பூரா கூச்சல். பெண்ணின் சம்மதம் என்கிற வார்த்தையையே அப்போதான் நாடு சண்டை போட்டுப் பழகிக்கிட்டு இருந்தது. அதே வருஷம் திருவனந்தபுரத்தில் இருந்து வந்த ஒரு நாடகத்தில், நெல்லைக் கோட்டைக்குள்ள ஒரு பெண் சம்மதம் சொல்றா. அந்தச் சம்மதத்துக்கு என்ன அர்த்தம்னு படிக்கிறவன் தவிக்கிறான்.

முடிவு தெரிஞ்சதுதான். குடிலனுக்கு சுரங்க ரகசியம் தெரிஞ்சு போய், அது வழியாவே சேரன் பாசறைக்குப் போய் நாட்டை விலை பேசுறான். சேரன் யோக்கியன், அவனை விலங்கு மாட்டி அதே சுரங்கம் வழியா இழுத்துட்டு வர்றான், மணமேடைக்கு. மாலையோட நிக்கிற மனோன்மணி நிமிர்ந்து பார்க்குறா. கனவில் வந்தவன். மாலை அவன் கழுத்துக்குப் போகுது. சுபம். இதை மட்டும் என்னால முழுசா ஏத்துக்க முடியலை. ஒரு சுரங்கமும் ஒரு கனவும் வந்துதான் அவளைக் காப்பாத்த வேண்டியிருக்கு. வீட்டுக்குள்ள இருந்து யாராலும் முடியலை. ஒருவேளை அதைத்தான் ஆசிரியர் சொல்றாரோ என்னவோ.

படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அரசர்கள் பேசுற இடத்துல தூக்கம் வந்தா, நடராசன் தனியா வர்ற காட்சிக்குப் போங்க. வாய்க்காலையும் புல்லையும், மண்ணை உழுதுக்கிட்டே இருக்கிற நாங்கூழ்ப் புழுவையும் பார்த்து அவன் பேசுற இடம். டார்வின் 1881-ல் மண்புழுவுக்குத் தனிப் புத்தகமே போட்டது ஞாபகம் வரும். மூணு அப்பாக்களும் பெண்களை வெச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது, இவன் ஒருத்தன்தான் குனிஞ்சு உக்காந்து ஒரு புழு என்ன செய்யுதுன்னு கவனிக்கிறான். வாணிக்கு ஏன் இவனைப் பிடிச்சதுன்னு எனக்கு அங்கேதான் புரிஞ்சது.

கொசுறு 1: 1942-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இதை 'மனோன்மணி'ன்னு படமா எடுத்தார். பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும்.

கொசுறு 2: நூல் வந்த அதே 1891-ல் சுந்தரம் பிள்ளைக்கு ஒரு மகன் பிறந்தார். சைவ வீட்டில் சாதாரணமா வைக்கிற பேர்தான், நடராசன். அப்பா இறக்கும்போது அவருக்கு ஆறு வயசு. அவர்தான் பின்னாளில் திரு-கொச்சியில் நிதி அமைச்சரா இருந்து நிலச்சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டு வந்த பி.எஸ். நடராஜ பிள்ளை.